பதினைந்து மதிப்பெண் மௌனம்

“என் இருபத்து மூன்று வருட சர்வீஸில் ஒரு மாணவருக்குக்கூட நான் விடை சொல்லிக்கொடுத்தது கிடையாது. கேள்வி கேட்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்றைக்காவது நான் விடையை ஒப்பித்தேன் என்றால், அன்றைக்கு நான் ஆசிரியர் இல்லை, வெறும் ஒலிபெருக்கி!”

மாலைக் கல்லூரியின் ஆண்டு விழாவில் மௌனம் மேடம் இப்படி முழங்கினார். மேடை ஓரத்தில் இருந்த ஒலிபெருக்கி வீல் என்று ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. தன் இனத்தை இழிவுபடுத்தியதற்கு அது தெரிவித்த கண்டனம் என்று எடுத்துக்கொள்ளலாம். கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவர்களில் பாதிப்பேர் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினார்கள். அதற்குப் பிறகும் முப்பத்தைந்து நிமிடம் பாக்கி இருந்தது.

மௌனம் மேடம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மாணவர்கள் வைத்தது. இலக்கியத்தைச் சமூக நீதியின் கண்கொண்டு பார்ப்பது எப்படி என்பது அவர் நடத்திய பாடம். எந்தக் கதையைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இந்தக் கதையில யார் பேசல?” கேட்டுவிட்டு, பேசாதவரின் மௌனத்தைப் பற்றி ஐம்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவார். மௌனத்தைப் பற்றி அவ்வளவு சத்தமாகப் பேசிய இன்னொருவரை அந்தக் கல்லூரி கண்டதில்லை. பட்டப்பெயர் காதுக்கு வந்தபோது மேடம் கோபப்படவில்லை. அதிகாரத்தை நோக்கி எழுந்த கேலி ஆரோக்கியமானது என்று அடுத்த வகுப்பில் அதையும் ஐம்பது நிமிடம் விளக்கினார்.

பழக்கம் வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. இருமல் மருந்துப் பாட்டிலின் துண்டுச்சீட்டு, மின்கட்டண அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் பேசாதவர்களைத் தேடுவார். கணவரை “என்னங்க” என்று கூப்பிடுவதில் ஒளிந்திருக்கும் அதிகாரப் படிநிலையை, கல்யாணமாகி ஐந்தாம் வருடம் கண்டுபிடித்தார். உடனே பேர்சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். கணவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டார். இரண்டு வாரத்தில் புரட்சி தொண்டை கட்டிப்போய் “இந்தாங்க” என்ற சமரசத்தில் வந்து நின்றது.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தத்துவத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். “இங்க பாரு, கடைக்கு வர்றவங்ககிட்ட எந்த எழுத்து தெரியுதுன்னுதான் கேக்கறேன். எது தெரியலன்னு கேட்டா அவங்க என்னத்தச் சொல்லுவாங்க? தெரியலன்னாத்தானே என்கிட்ட வந்திருக்காங்க?” என்பார்.

மேடத்துக்கு இப்போது ஐம்பத்திரண்டு. மூன்றாவது மாடியில் வகுப்பு. லிப்ட்டில் ‘பழுது’ என்ற அட்டை தொங்க ஆரம்பித்து எத்தனை வருடம் என்று அந்த அட்டைக்கே ஞாபகம் இல்லை. மாடி ஏறி முடிப்பதற்குள் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பும். மின்விசிறியின் சுவிட்ச் எந்தப் பொறியாளரின் குறும்போ, வகுப்புக்கு வெளியே படிக்கட்டருகே இருந்தது. போகிற வருகிறவர்கள் அணைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே நாற்பது பேர். பகலெல்லாம் காவல் காத்து, அச்சுக் கோத்து, பார்சல் கட்டி, சாயங்காலம் பட்டம் வாங்க வந்தவர்கள். மேலாதிக்கம் என்று மேடம் பலகையில் எழுதி முடிக்கும்போது பத்துத் தலையாவது சாய்ந்திருக்கும். முன்பெல்லாம் அதைக்கூட உழைப்புச் சுரண்டலுக்கு எதிரான உடலின் கலகம் என்று வாசித்துச் சொல்வார். இப்போது சொல்வதில்லை. தூங்கட்டும், பாவம் என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். கோட்பாடு களைத்துப்போனால் எஞ்சுவது இரக்கம்தான் போலும்.

மேடத்தின் வாழ்வில் ஒரு மாபெரும் வெற்றி உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பாடத்தில் ஒரு சிறுகதை. ஒரு பெரிய வீடு. வேலைக்காரப் பெண் கைதவறிக் கண்ணாடிக் கிண்ணத்தைப் போட்டு உடைத்துவிடுகிறாள். எஜமானி ஒரு பக்கம் முழுக்கத் திட்டுகிறாள். வேலைக்காரப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து நான்கு துண்டுகளையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறாள். பக்கத்தில் எஜமானியின் குழந்தை வெறுங்காலோடு நின்று வேடிக்கை பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. வருடா வருடம் பரீட்சையில் இதிலிருந்து பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டாயக் கேள்வி வரும்: வேலைக்காரப் பெண்ணின் மௌனத்தை விளக்குக.

ஆறு வருடம் முன்புவரை, திருத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் விடைக்குறிப்பில் ‘பொறுமை என்னும் பெண்மையின் அணிகலன்’ என்று இருந்தது. அதை எழுதினால் முழு மதிப்பெண். மேடம் கொதித்தெழுந்தார். பாடக்குழுக் கூட்டத்தில் இரண்டு மாதம் போராடினார். ஒரு மூத்த பேராசிரியர் மனம் நொந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். இன்னொருவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் அணிகலன் கழற்றப்பட்டது. மேடம் தம் கைப்படப் புதிய குறிப்பு எழுதிக்கொடுத்தார்: மௌனம் அதிகாரத்தின் குறியீடு, எழுதியவர் ஆண் என்பதால் அவளுடைய நாக்கு பறிக்கப்படுகிறது, இப்படி ஐந்து கருத்து, கருத்துக்கு மூன்று மதிப்பெண். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவரிடம், “இந்தாங்க, ஜெயிச்சுட்டேன்” என்றார். கணவர், “சந்தோஷம். யாரு தோத்தாங்க?” என்றார். கேள்வி மேடத்துக்குப் பிடித்திருந்தது, பதிலைத் தேடவில்லை.

இப்போது சலவை அக்காவுக்கு வரலாம்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினேழு வருடமாக, துணி தேய்க்கும் சூட்டு உருளைக்கு முன்னால் நின்று ஈரப் படுக்கைவிரிப்புகளை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பவர். வயது நாற்பத்து மூன்று. வகுப்பிலேயே மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா. கடைசி வரிசை, ஜன்னல் ஓரம், வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்துத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று வருடத்தில் வகுப்பில் அவர் வாய் திறந்ததில்லை. பேசாதவர்களைப் பேருந்துச் சீட்டில்கூடத் தேடிய மேடம், ஏனோ ஜன்னல் பக்கம் தேடவில்லை.

அக்கா மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டார். மேடத்தின் தாளில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டார். தேற நாற்பது வேண்டும். முதல்முறை முப்பத்து நான்கு, அடுத்தமுறை முப்பத்தாறு. மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. அதற்குப் பிறகு பாடத்திட்டம் மாறுகிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். பட்டம் காட்டினால் அந்த நாற்காலி அக்காவுக்கு. நாற்காலி என்றால் நிஜமாகவே நாற்காலி. உட்காரலாம். இல்லாவிட்டால் ஐம்பத்தெட்டு வயதுவரை உருளைக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, இரண்டு முறை எழுதிய விடைத்தாள்களின் நகலையும் விண்ணப்பித்து வாங்கி, ஆசிரியர் அறைக்கு வந்தார்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“சந்தேகம்தாம்மா அறிவோட ஆரம்பம். உக்காருங்க.”

“கிண்ணக் கேள்விக்கு ரெண்டு தடவையும் எனக்கு மார்க்கே விழல. நான் என்ன தப்பா எழுதினேன்னு தெரிஞ்சா...”

“தப்பு, சரின்னு இலக்கியத்துல எதுவும் கிடையாதும்மா. குடுங்க பாப்போம்.”

மேடம் படித்தார்.

முதல் தாளில் அக்கா எழுதியிருந்தது இதுதான்: ‘அவள் பயந்துபோய்ப் பேசாமல் இல்லை. கண்ணாடி பொறுக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். பேசினால் கவனம் போய்விடும், கையை அறுக்கும். திட்டு அவள் காதில் விழவே இல்லை. அவள் துண்டுகளை மனதுக்குள் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்கு துண்டு என்று கதையில் இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணம் நான்காக உடையாது. கீழே விழுந்தால் பெரிய துண்டு நான்கு என்றால் சில்லு நாற்பது இருக்கும். குழந்தை வெறுங்காலோடு நிற்கிறது. அதை முதலில் யாராவது தூக்க வேண்டும். எஜமானி தூக்கவில்லை, திட்டிக்கொண்டிருக்கிறாள். கதை எழுதியவரும் தூக்கவில்லை. இந்தக் கதையை எழுதியவர் வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கண்ணாடி பொறுக்கியதில்லை.’

மேடம் இரண்டாம் முறையும் படித்தார். பிறகு மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கதையைக் குறைந்தது ஐம்பது முறை நடத்தியிருப்பார். எஜமானியைக் கட்டுடைத்திருக்கிறார், கதை எழுதியவரைக் கட்டுடைத்திருக்கிறார்; கிண்ணம் எப்படி உடையும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

“எந்த முட்டாள்மா இதுக்கு மார்க் போடாதவன்?” என்று கேட்டபடி பக்கத்தைத் திருப்பினார்.

ஓரத்தில் சிவப்பு மையில் ‘கேள்விக்குத் தொடர்பில்லை’. அதன் கீழே இரட்டை நெளிகோடு. பக்கத்தில் 2.

இரட்டை நெளிகோடு போடுகிற ஆசிரியர் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான் உண்டு. விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஒரு நாளைக்கு அறுபது தாள். மத்தியானத்துக்குப் பிறகு யாரும் படிப்பதில்லை, சொற்களைத் தேடுவார்கள். மௌனம் இருக்கிறதா, அதிகாரம் இருக்கிறதா, குறியீடு இருக்கிறதா. இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் அடுத்த தாள். அப்படி ஒரு மத்தியானத்தில் மேடத்தின் கை, மேடத்தைக் கேட்காமல், போட்டுவிட்டுப் போன இரண்டு அது. இரண்டாம் தாளைத் திருத்தியவர் வேறு யாரோ. அவர் பூஜ்யம் போட்டிருந்தார்.

“முதல் தாள் நான் திருத்தினதும்மா” என்றார் மேடம்.

“தெரியும் மேடம். வகுப்புல நோட்டுல இதே கோடுதானே போடுவீங்க.” அக்காவின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அழுக்குத் துணியைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை. எந்த வாளியில் போடுவது என்றுதான் பார்ப்பார்கள். “உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்கன்னு சொன்னீங்க. அதான் எழுதினேன். அடுத்த தடவை இன்னும் தெளிவா எழுதினேன்.”

மேடத்துக்குள் இருந்த போராளி கடைசியாக ஒருமுறை எழுந்து நின்றாள். “மூணாவது தடவையும் இதையே எழுதுங்க! விடக்கூடாது. இது ஒரு போராட்டம்மா.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “போராட்டத்துக்கு எத்தனை மார்க், மேடம்?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். போனமுறையைவிட நான்கு மார்க் கூடக் கிடைத்தால் போதும் அவருக்கு.

மறுநாள் மேடம் துறைத் தலைவரின் அறைக்குப் போனார். துறைத் தலைவர் நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. அதற்கான படிவத்தைச் சொல்வார்.

“சார், கிண்ணக் கேள்விக்கு விடைக்குறிப்பு மாத்தணும்.”

“மறுபடியுமா?” துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “மேடம், அது நீங்க போட்ட குறிப்பு. அதுக்காகப் பெரியவரோட ரத்த அழுத்தத்தையே ஏத்தி விட்டீங்க.”

“மாத்தவேண்டாம். ஒரு வரி சேர்த்தாப் போதும். ‘மாணவரின் சொந்த வாசிப்பு ஏற்கத்தக்கது’ன்னு.”

“சேக்கலாமே. தாராளமா சேக்கலாம். மூணு பிரதியில படிவம், பாடக்குழுக் கூட்டம், அப்புறம் மேல ஒப்புதல். அடுத்த வருஷப் பரீட்சைக்கு வந்துரும்.”

“பரீட்சை அடுத்த வாரம், சார்.”

“அப்ப அதுக்கு அடுத்த வருஷத்துக்கு.”

“தாளை நானே திருத்தினா?”

“இந்தத் தடவை தாளெல்லாம் வெளியூர் மையத்துக்குப் போகுது. நாப்பது பேர் திருத்துறாங்க. எல்லாருக்கும் ஒரே குறிப்பு இருந்தாத்தானே நியாயம்? ஆளுக்கொரு மார்க் போடக்கூடாதுன்னு கூட்டத்துல சொன்னது யாரு?” துறைத் தலைவர் சிரித்தார். “சமநீதின்னு சொன்னீங்க. மினிட்ஸ்ல இருக்கு.”

மினிட்ஸில் இருந்தது. மேடத்தின் கையெழுத்தோடு இருந்தது.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் விடைத்தாளைக் கணவரிடம் நீட்டினார். கணவர் கடையில் எழுத்தட்டை காட்டுகிற தொலைவுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“யாரு எழுதினது? நம்ம தொழிலா?”

“சலவைத் தொழில்.”

“நூத்துக்கு நூறு சரி. கடையில லென்ஸ் ஒண்ணு விழுந்தா நாலு நாள் கழிச்சும் சில்லு காலுல குத்தும். சாக்ஸ் போடாம யாரும் உள்ள வரக்கூடாதுன்னு கத்துவேன்.” தாளைத் திருப்பித் தந்தார். “இவங்களுக்கு எவ்வளவு போட்ட?”

“ரெண்டு.”

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் மனைவியை ஜெயிக்கக் கணவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. பயன்படுத்திக்கொள்ளாமல் எழுந்து போய் டீ போட்டார். அது மேடத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் யோசித்தார். மேல் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார், கிழித்தார். பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். ‘மதிப்பீட்டின் வன்முறை’ என்று தலைப்பு மட்டும் நன்றாக அமைந்தது. அது அச்சாகிறபோது அக்கா உருளைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார் என்பதும், கட்டுரையில் பேசாதவர் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்துவிடும் என்பதும் நினைவுக்கு வர, பேனாவை மூடினார்.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், மருத்துவமனையின் பின்வாசல் வழியாகச் சலவைக்கூடத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டபோது எதிரே மலைபோல விரிப்புகள். தள்ளுவண்டிகளில் வார்டு எண் எழுதிய அட்டைகள். அறை முழுக்க ஈரத்தையும் சோடாப்பொடியையும் சேர்த்து வேகவைத்த மாதிரி ஒரு வாசனை. உருளை நின்றிருந்தது. சாப்பாட்டு நேரம். அக்கா மட்டும் சாப்பிடப் போகாமல், மடிக்க வேண்டிய வண்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

“ஐயோ மேடம், இங்க எதுக்கு வந்தீங்க? தரையெல்லாம் ஈரம். விழுந்துடாதீங்க.”

“நோட்டு இருக்கா?”

“பை அந்தப் பக்கம் பூட்டி இருக்கு. ரெண்டு மணிக்கு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு இந்த வண்டி போயாகணும். என்ன மேடம், சொல்லுங்க, மனசுல வச்சுக்கறேன்.”

மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கைப்பையை ஒரு துணி மூட்டைமேல் வைத்துவிட்டு, அக்கா கையிலிருந்த விரிப்பின் எதிர்முனைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

“அப்படி இல்ல மேடம். கட்டைவிரல் உள்பக்கம். இழுத்துப் பிடிங்க. ம்.”

இழுத்துப் பிடித்தார். இரண்டாக மடித்து, நான்காக மடித்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்துக் கொடுத்தார். பின்னால் போய் அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தார்.

“கிண்ணக் கேள்விக்கு அஞ்சு பாயிண்ட்” என்றார். குரல் வகுப்பில் வருகிற குரல் இல்லை. “நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. ஒண்ணு: வேலைக்காரப் பெண்ணின் மௌனம் அதிகாரத்தின் குறியீடு.”

“வேலைக்காரப் பெண்ணின் மௌனம் அதிகாரத்தின் குறியீடு.”

“ரெண்டு: எழுதியவர் ஆண் என்பதால் அவளுடைய நாக்கு பறிக்கப்படுகிறது.”

“பறிக்கப்படுகிறது.” அக்கா விரிப்பை உதறினார். “ஆனா அவ பேசாததுக்குக் காரணம் அது இல்லையே, மேடம்?”

“இல்லதான்.”

“அப்ப நான் எழுதினது?”

“நீங்க எழுதினதுதாம்மா சரி.” மேடம் மூலையைச் சேர்த்துக் கொடுத்தார். “மூணு: உடைந்த கிண்ணம் அவளுடைய சிதைந்த அடையாளம்.”

அக்கா அடுத்த இரண்டு விரிப்புகளை மூலை பார்த்து மடித்தார். மேடம் காத்திருந்தார், எதையும் விளக்கவில்லை. வண்டியில் இன்னும் பாதி இருந்தது.

“உடைந்த கிண்ணம் அவளுடைய சிதைந்த அடையாளம்” என்றார் அக்கா.

“நாலு.”

ஐந்தையும் முடித்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் சுற்றில் அக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இரண்டாம் பாயிண்டில் மட்டும் ‘பறிக்கப்படுகிறது’ என்பதற்குப் பதிலாக ‘அறுக்கப்படுகிறது’ என்று வந்துவிட்டது.

“பறிக்கப்படுகிறது” என்று திருத்தினார் மேடம். “குறிப்புல அப்படித்தான் இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க.”